சில்லு இருந்தால் வாகனம்

ஏப்ரல் 14, ஞாயிறு

இல்லை, நான் தயங்கியது இந்தப் பழைய கூடார ட்ரெய்லரின் கூரை தலைமேல் விழும் என்பதற்காக அல்ல. அது விழும் என்று விற்றவரே சொல்லிவிட்டார். கம்பிவடம் பழையது, கூரையை உயர்த்திவிட்டுக் கீழே நிற்காதே என்றார். முன்கூட்டிச் சொல்லப்பட்ட ஆபத்து பாதி ஆபத்துத்தான். உரிமைப் பத்திரத்தில் என் பெயரையே இரண்டு முறை அடித்து எழுதினேன். "தனியாகத்தான் போகப் போகிறாயா?" என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

மூடியிருக்கும்போது அது இடுப்பளவு உயரமான வெள்ளைப் பெட்டி. இரண்டு சில்லுகள், சின்ன டயர்களோடு. முன்னால் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் தரைக்கு அடியில் ஓடும் கம்பிவடம் நான்கு மூலைத் தூண்களையும் தள்ள, கூரை எழும்பும். பிறகு இரண்டு பக்கமும் கட்டில்களை இழுத்துவிடலாம். நடுவே கான்வாஸ் சுவர். கோடைகாலத்தில் குடும்பங்கள் இதைக் காரின் பின்னால் கொழுவி ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஜூன் 28, பள்ளி விடுமுறையின் முதல் நாள். அன்று அக்கா தன் மகள் இயலினியையும் கூட்டிக்கொண்டு ரூபன் அத்தானின் வீட்டைவிட்டு வெளியேறுவாள். செப்டம்பரில் ஒரு வீடு கிடைக்கும் என்று பெண்கள் உதவி நிலையத்தில் சொல்கிறார்கள். அதுவரை? சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் அத்தானுக்குத் தெரியும். என்னுடைய அறையும் தெரியும். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கும் முகாம் மைதானம் தெரியாது.

எழுதிவிட்டேன். இந்த நாட்குறிப்புக் கொப்பியை இனிக் காரில்தான் வைக்க வேண்டும்.


ஏப்ரல் 16, செவ்வாய்

தயா அண்ணை தன் கார் திருத்தும் கடைக்குப் பின்னால் ட்ரெய்லரை நிறுத்த இடம் தந்திருக்கிறார். வயது நாற்பது இருக்கலாம். வாய் ஓயாது.

"தங்கச்சி, இது ட்ரெய்லரோ, சவப்பெட்டியோ?"

"திறந்தா வீடு அண்ணை."

"மூடினா?"

நான் கருவிப்பெட்டியைத் திறந்தேன். கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். இதைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார். நானே காணொளிகளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பல்கலைக்கழகத் தோழிகளோடு ஊர்சுற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இருக்கைகளைக் கழற்றினேன். எலிக்கூடு. யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைக் காலுறை. கதவோரத்துத் தரையில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்திப் பார்த்தேன். பிடி வரைக்கும் இறங்கியது. பிளைவுட் அல்ல, ஊறிய பாண்ரொட்டி. மேலே விரிப்பு மட்டும் புதிது போலப் பளபளக்கிறது.


ஏப்ரல் 19, வெள்ளி

மருந்துக்கடை வேலையைத் தவிர, வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போக மட்டும் அக்காவுக்கு அனுமதி உண்டு. கோயிலில் காரை விட்டுவிட்டு, கைத்தொலைபேசியையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டு, பஸ் ஏறி இங்கே வந்தாள். தொலைபேசி எங்கே நிற்கிறது என்று அவர் பார்ப்பாராம். "பார்ப்பார்" என்று அவள் சொன்ன விதத்தில் ஒரு மரியாதைகூட இருந்தது.

தரை முழுவதும் பிரிந்து கிடந்ததைப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயோடி நாங்கள் இருக்கப் போறம்?"

"முடிஞ்ச பிறகு பார்."

"இவ்வளவு ஓட்டை."

"எல்லாம் மூடுவன்."

நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டாள். சிறு பொட்டலத்தில் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள்.


ஏப்ரல் 20, சனி

அழுகிய பலகையை வெட்டி எடுக்க எடுக்க, நல்ல பலகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.


ஏப்ரல் 27, சனி

தவறு என்னுடையது.

கூரையை உயர்த்திவிட்டு உள்ளே போகுமுன் நான்கு மூலைகளிலும் கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாக் காணொளியிலும் முதல் வாக்கியம் அதுதான். எனக்கு ஒரு கப்பியை மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிட வேலை.

முதலில் ஒரு மூலை தாழ்ந்தது. மெதுவாக, யாரோ தலையசைப்பதுபோல. பிறகு கீழே எதுவோ படாரென்று அறுந்தது. நான் தரையில் விழுந்துவிட்டேன். கூரை இறங்கி, என்னுடைய கருவிப்பெட்டியில் முட்டி நின்றது. முகத்துக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம்.

இருட்டல்ல, பகல்தான். பலகை வெட்டிய கதவோரத்தில் ஒரு கோடாக வெளிச்சம். அதில் தயா அண்ணையின் சப்பாத்துக் கால்கள் ஓடிவந்தன.

"தங்கச்சி! உயிரோட இருக்கிறியளோ, இல்லாட்டி நான் பொலிசுக்குக் கதை யோசிக்கவோ?"

"இருக்கிறன்."

"அப்ப அசையாதேங்கோ. மூச்சையும் சின்னனா விடுங்கோ."

கார் ஜாக்கிகளை வைத்துத் தூக்கினார். வெளியே வந்ததும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கோப்பை தேநீரைக் கையில் தந்துவிட்டுத் தானே போய் கட்டைகளை வெட்டத் தொடங்கினார்.

அங்கே கிடந்தபோது என்னைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்தது இதை: ஜூலை மாதத்தில் ஒரு நாள், அக்காவும் பிள்ளையும் இதற்குள் மத்தியான நித்திரையில். நான் அவர்களுக்கு வீடு செய்கிறேனா, பொறி செய்கிறேனா?


மே 3, வெள்ளி

கான்வாஸில் பதினோரு கிழிசல்கள். அக்கா ஒட்டுப்போட்டுத் தைத்தாள். நான் தூக்கிப் பிடிக்கச் சொன்னபோது இடது கையால் மட்டும் பிடித்தாள். வலது கை மார்கழியிலிருந்து தோளுக்குமேல் எழும்பாது. படியில் விழுந்ததாக வைத்தியருக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் சொன்னாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

உதவி நிலையம் பிடித்துத் தந்த சட்டத்தரணியின் கடிதத்தை என்னிடம் தந்தாள். "நீ வைச்சிரு. வீட்டில எதையும் வைக்கேலாது."

தைத்துக்கொண்டே கேட்டாள்: "மழை பெய்தா சத்தம் கேக்குமோ?"

"கேக்கும். கூடாரம்தானே."

"அது நல்லம். இயலினிக்கு நல்லாப் பிடிக்கும்."

ஏதோ சுற்றுலாவுக்கு ஆயத்தம் செய்வதுபோலப் பேசினோம். அப்படித்தான் பேச முடிகிறது.


மே 8, புதன்

ரூபன் அத்தான் தொலைபேசியில். ஒன்றுமில்லை, சும்மாதானாம்.

"மயூ, அக்கா கொஞ்ச நாளா ஒரு மாதிரி. உம்மோட ஏதும் கதைச்சவவோ?"

"இல்லை அத்தான்."

"நீர் படிச்ச பிள்ளை. இந்தக் குடும்பத்தில என்னை விளங்கின ஆள் நீர் ஒராள்தான். மார்கழியில நீர் செய்த உதவியை நான் மறக்கேல்ல."

என்ன உதவி என்று இங்கே எழுதத் தேவையில்லை.

அவருடைய குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். கேட்பவர்தான் இன்னும் கிட்டப் போக வேண்டும்.


மே 9, வியாழன்

எழுதுகிறேன். மார்கழியில் அக்கா பிள்ளையோடு ஒரு முறை வெளியேறினாள். இரண்டு நாட்கள் என் தோழி ஒருத்தியின் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் அவருக்கு இடம் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்று அக்கா இதுவரை என்னைக் கேட்கவில்லை.


மே 11, சனி

ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்து புதிய கம்பிவடத்தைக் கப்பிகளுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் கார் வந்து நின்றது. பனிக்கால டயர்களை மாற்ற இந்த மாதம் எல்லோரும் வருகிறார்கள், நான் கவனிக்கவில்லை. பிறகு குரல் கேட்டது.

"தயா, எப்பிடி? இந்தாரும், உமக்கும் ஒரு கோப்பி."

முன்பொரு நாள் தயா அண்ணை சொல்லியிருக்கிறார்: "ரூபன் நல்ல மனிசன். கடைக்கு வந்தா எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தருவார்." எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்வதில்லை.

அந்தச் சப்பாத்துகள் பின்பக்கம் வந்தன. தவிட்டு நிறம், நன்றாகத் துடைத்தவை. என் முழங்கையிலிருந்து ஆறு அடி. கம்பிவடத்தின் பிசிர் உள்ளங்கையில் ஏறியது. விட்டால் சத்தம் வரும். இறுக்கிப் பிடித்தேன்.

"உதென்ன நிக்குது?"

"அதோ? ஆரோ ஒரு வெள்ளையன்ர குப்பை. வாடகையும் தாறான் இல்லை, எடுத்துக்கொண்டு போறானும் இல்லை."

"திருத்தினா நல்லா இருக்கும்போல."

"உதைத் திருத்திறதிலும் பார்க்க உதுக்கு நெருப்பு வைக்கலாம், ரூபன். வாரும், டயரைப் பாப்பம்."

சப்பாத்துகள் திரும்பின. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தேன்.

கார் போன பிறகு தயா அண்ணை குனிந்து பார்த்தார். கோப்பிக் கோப்பையை உள்ளே நீட்டினார்.

"உங்கட அத்தான்ர கோப்பி. குடிக்கிறியளோ, ஊத்தவோ?"

"ஊத்துங்கோ."

ஊற்றினார். ஏன் பொய் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்கா வரும்போது அவர் ஏன் சாமான் வாங்கப் போய்விடுகிறார் என்றும் கேட்டதில்லை.


மே 12, ஞாயிறு

உள்ளங்கையில் மூன்று இடங்களில் இரும்புப் பிசிர். இரண்டை எடுத்துவிட்டேன்.


மே 18, சனி

கூரை எழும்பியது. முழு உயரத்துக்கு. நான்கு மூலைகளும் ஒன்றாக. கட்டைகளைக் கொடுத்து உள்ளே போய் நிமிர்ந்து நின்றேன். தலைக்குமேல் ஒரு சாண் மிச்சம்.

தரை புதுப் பலகை. சில்லுகளுக்குக் கிரீஸ் வைத்தாயிற்று. அடுப்பின் குழாயில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், குமிழி இல்லை. மிச்சம் பின்விளக்குகள் மட்டும். வயர்களை எலி தின்றிருக்கிறது.

அரை மணி நேரம் பயம் இல்லாமல் இருந்தேன். அது போய்விட்ட பிறகுதான் இருந்ததே தெரிந்தது.


மே 24, வெள்ளி

அக்கா சுற்றிச் சுற்றி வந்தாள். கட்டிலில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பூசை செய்யோணும்."

"எதுக்கு?"

"வாகனப் பூசை. கோயிலுக்குக் கொண்டு போய்."

"அக்கா, விசரோ? இது வாகனமே இல்லை. எஞ்சின் இல்லை."

"சில்லு இருக்கெல்லே?"

"இருக்கு."

"சில்லு இருந்தா வாகனம். தேசிக்காய் மிதிக்காத ஒண்டில என்ர பிள்ளையைப் படுக்க விடமாட்டன்."

ஆட்கள் பார்ப்பார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை தான் கோயிலில் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றாள். யாரோ ஒருத்தியின் வாகனம், அவ்வளவுதான். அவளுடைய கணக்கு தவறில்லை. அப்படித்தான் எனக்கும் பட்டது.

நான் சம்மதித்ததற்கு உண்மையான காரணம் அதுவல்ல. அந்தக் கூரை ஒருமுறை இறங்கியதை அவளிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறேன். இவ்வளவு வேலை செய்தும் எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. என் நம்பிக்கையில்லாத கைக்கு மேலே வேறொரு கை இருந்தால் நல்லது என்று தோன்றியது. சடங்குகளைப் பற்றிய என் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதையெல்லாம் வேறு சொற்களில் எழுதியிருக்கிறேன்.


மே 31, வெள்ளி

கோயிலின் வாகனத் தரிப்பிடம். காலை பத்து மணி. என் கார், அதன் பின்னால் மூடிய ட்ரெய்லர். விளக்கு வேலை செய்யாததால் சிறு தெருக்களாலேயே மெதுவாக ஓட்டி வந்தேன். அக்கா தனியாக வந்து பக்கத்தில் நின்றாள். யாரோ ஒருத்திபோல நிற்பாள் என்று பேசியிருந்தோம். ஐந்து நிமிடம் அப்படி நின்றாள். பிறகு காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொழுவியில் பூமாலை சரியாக இல்லை என்று தானே கட்டினாள்.

ஐயர் தட்டோடு வந்தார். இளம் ஐயர். ட்ரெய்லரின் நான்கு பக்கத்துக்கும் சந்தனம் வைத்தார். எது முன்பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அர்ச்சனைச் சீட்டு எடுக்கவில்லை என்றதும், பரவாயில்லை, சொல்லுங்கோ என்றார்.

"ஆற்ற பேருக்கு? பேர், நட்சத்திரம்?"

என் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். அக்கா முந்திவிட்டாள்.

"சிவரூபன், விசாகம். கௌசிகா, ரோகிணி. இயலினி, அத்தம்."

பத்து வருடமாக அந்த வரிசையில்தான் சொல்கிறாள். முதலில் அவர், பிறகு தான், பிறகு பிள்ளை. மூச்சு விடுவதுபோல வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. முகம் சாம்பலாய்ப் போனது.

ஐயர் தொடங்கிவிட்டார். விசாக நட்சத்திரே ஜாதஸ்ய, சிவரூப நாமதேயஸ்ய. நல்ல வெண்கலக் குரல். தரிப்பிடம் முழுக்கக் கேட்டது. நாங்கள் கைகூப்பி நின்றோம். யாரிடமிருந்து ஒளிப்பதற்காக அதைச் செய்தோமோ, அவருக்கு அதில் நீண்ட ஆயுளும் சுகமும் கேட்கப்பட்டது. நிறுத்துங்கோ என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற மந்திரத்தை நிறுத்தத் துணிவு வரவில்லை. நானும் கண்ணை மூடினேன்.

காரை ஓரடி நகர்த்த, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய்கள் நசுங்கி எலுமிச்சை மணம் எழும்பியது.

சாமி கும்பிட்டுவிட்டு வந்த ஒரு பெண் நின்று பார்த்தார். "கௌசி எல்லே? ரூபன்ர பேர் கேட்டுது, திரும்பிப் பாத்தன். புது வாகனமோ? என்னது இது, சுற்றுலா போற பெட்டியோ? ரூபன் வரேல்லையோ?"

"அவர் வேலை, சுகந்தி அக்கா," என்றாள் அக்கா.

"நல்லா இருங்கோ பிள்ளையள்."

அவர் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தாள். "தெரியாமல் வாயில வந்திட்டுதடி."

"தெரியும் அக்கா."

நம்புகிறேன். தெரியாமல்தான் வந்திருக்கும்.


ஜூன் 1, சனி

வேறொன்றும் நினைக்கிறேன். அதை எழுதிவிட்டால் போய்விடும். கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று அக்காவுக்குள் ஒரு பகுதி விரும்புகிறதோ?

எழுதியும் போகவில்லை.


ஜூன் 2, ஞாயிறு

அக்கா வேலை செய்யும் மருந்துக்கடைத் தொலைபேசியிலிருந்து, அரை நிமிடம்: "சுகந்தி அக்கா அவருக்கு வாழ்த்துச் சொன்னவவாம். அவர் சிரிச்சுக்கொண்டு வந்து கேட்டவர். உன்ர ட்ரெய்லர், பழக்கத்தில அவற்ற பேரைச் சொல்லிப்போட்டன் எண்டன். ஓம் எண்டவர். மயூ, அவர் இப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்."

ஒரு மணி நேரம் கழித்து அவரே எனக்கு எடுத்தார்.

"என்ன மயூ, எனக்குச் சொல்லாமல் என்ர பேரில பூசையோ? காசு மிச்சம் பிடிக்கப் பாத்தனீரோ?" சிரிப்பு. "எங்க நிக்குது? வந்து பாக்கிறன்."

"ஒரு தோழி வீட்டில அத்தான்."

"எந்தத் தோழி? மார்கழித் தோழியோ?"

நான் சுவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பரவாயில்லை. நாளைக்கு வேலை முடிய வந்து உம்மைக் கூட்டிக்கொண்டு போறன். ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."

நாளை அவருக்கு வேலை முடிவது ஐந்து மணிக்கு. ஜூன் 28 இனி இல்லை. நாளைதான்.

மருந்துக்கடைக்கு எடுத்து, தலைவலிக்கு மருந்து கேட்கும் பெண்போலப் பேசினேன். நடுவே சொன்னேன்: நாளை காலை ஒன்பதரை, இயலினியின் பள்ளிப் பக்கவாசல். அக்கா, "இருக்குது, வாங்கோ," என்று மட்டும் சொன்னாள். உதவி நிலையத்துக்கும் சட்டத்தரணிக்கும் தகவல் விட்டிருக்கிறேன்.

வருவாளா? தெரியாது. அவள் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்றும் தெரியாது.


ஜூன் 3, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கடையில் நின்றேன். பின்விளக்கு இன்னும் எரியவில்லை. தயா அண்ணை வயரைப் பிடித்துப் பார்த்தார், விட்டார்.

"இது இண்டைக்கு முடியாது தங்கச்சி. வெளிக்கிடுங்கோ. பின்னால நான் என்ர வான் வண்டியில வாறன். நீங்கள் பிரேக் பிடிச்சா நான் பிடிக்கிறன். உங்கட பின்லைட் நான்தான்."

"அண்ணை, உங்கட கடை?"

"ஒரு நாள் பூட்டிக் கிடந்தா ஒருத்தரும் சாகமாட்டினம்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க போறியள் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. பின்னால வாறன், அவ்வளவுதான். பெருந்தெருவில வாகனம் குறைஞ்ச உடன நான் திரும்பீடுவன். கேட்டா, எனக்குத் தெரியாது எண்டு உண்மையாச் சொல்லலாம்."

ஒன்பதரை. பக்கவாசலில் ஒருவரும் இல்லை. ஒன்பது நாற்பது. ஒன்பது நாற்பத்தேழு. இயந்திரத்தை நிறுத்தாமல் இருந்தேன். அவள் வரமாட்டாள், அந்தப் பெயரை வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு வந்தாள். இயலினியின் கையைப் பிடித்தபடி. பள்ளிப் பையைத் தவிர ஒன்றும் இல்லை, கைத்தொலைபேசியையும் வீட்டிலேயே விட்டிருந்தாள்.

"பல் வைத்தியரிட்டப் போறம் எண்டு ரீச்சரிட்டச் சொன்னன். கையெழுத்து வைக்கக் கை வரேல்லை, அதுதான் சுணங்கிப் போச்சு."

இயலினி பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சின்னம்மா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன?"

"கட்டில்."

"பொய்."

முதல் ஒரு மணி நேரம் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினேன். கண்ணாடியில் ட்ரெய்லரும் அதற்குப் பின்னால் தயா அண்ணையின் வானும். பிறகு அவருடைய விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. அடுத்த வெளிவழியால் இறங்கிவிட்டார். பிள்ளை தூங்கியிருந்தாள்.

"அக்கா. மார்கழியில..."

"தெரியும்."

"நான்தான்..."

"தெரியுமெண்டு சொல்லுறன். அவர் அண்டைக்கே சொன்னவர். உன்ர தங்கச்சிதான் இடத்தைச் சொன்னவள் எண்டு. படியில நிண்டு சொன்னவர்."

பெருந்தெரு நேராகப் போனது.

"அவர் அழுதவர் அக்கா. நான் பாவம் எண்டு நினைச்சன்."

"நானும் பத்து வருசம் அப்பிடித்தான்."

"தெரிஞ்சும் ஏன் திரும்ப என்னட்ட வந்தனி?"

"வேற ஆரட்டப் போறது?" வெளியே பார்த்தாள். "ஒருக்காப் பிழை விட்ட ஆள் கவனமா இருப்பாள் எண்டு நினைச்சன். மெதுவா ஓடடி, பின்னால ஆடுது."

முகாம் மைதானத்துக்கு ஒரு மணிக்கு வந்து சேர்ந்தோம். ஏரி சாம்பல் நிறம். வார நாள், ஆட்கள் குறைவு. கூரையை எழுப்பி, கட்டைகளைக் கொடுத்து, கட்டில்களை இழுத்துவிட்டேன். இயலினி உள்ளே ஏறி, "உண்மையாவே கட்டில்," என்றாள். அக்கா கதவடியில் உட்கார்ந்திருந்தாள். காடு இருக்கும் பக்கம் பார்க்கவில்லை, பாதை வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். ஒவ்வொரு காருக்கும் எங்கள் இருவரின் தலையும் ஒன்றாகத் திரும்பியது.

ஐந்து இருபதுக்கு என் தொலைபேசி அடித்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

அழுதுகொண்டிருந்தார். உண்மையான அழுகை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வீடு வெறுமையாக இருக்கிறதாம். பிள்ளையின் செருப்பு வாசலில் கிடக்கிறதாம்.

"மயூ, நான் வரமாட்டன். எங்க இருக்கினம் எண்டு மட்டும் சொல்லும். பத்திரமா இருக்கினம் எண்டு தெரிஞ்சாக் காணும். நீர் ஒராள்தான் என்னை விளங்கின ஆள்."

அக்கா என்னைப் பார்த்தாள். கையைக்கூட அசைக்கவில்லை. என் வாய் திறந்தது. ஏரியின் பெயரின் முதல் எழுத்து நாக்கில் வந்து நின்றது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"சொல்லமாட்டன் அத்தான்."

அழுகை உடனே நின்றது. குழாயைப் பூட்டியதுபோல. ஒரு மூச்சு எடுக்கும் நேரம்கூட இல்லை.

"சரி," என்றார். குரல் சுத்தமாக இருந்தது. "அப்ப நானே கண்டுபிடிக்கிறன்."

வைத்துவிட்டார்.

அழைப்பு வந்த நேரத்தையும் அவர் சொன்ன கடைசி வாக்கியத்தையும் சட்டத்தரணிக்கு எழுதி அனுப்பினேன். பிறகு குழாயடிக்குப் போய் இரண்டு கலன் தண்ணீர் பிடித்து வந்தேன்.